வயர் குடுக்காத டிம்மர்

ஐயையோ, ஆள் இருக்கீங்களா! மன்னிச்சுக்கங்கண்ணே. காலிச் சேருன்னு நெனச்சு உங்க மடியிலயே பையை வச்சுப்புட்டேன். வலிச்சிருச்சா? உள்ள பெருசா ஒண்ணும் இல்ல, மூணு டிம்மர் சுவிட்ச்சு, ஒரு தண்ணி பாட்டில். என் மேல தப்பு இல்லண்ணே. இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி, அதுவும் கண்ணு ஆஸ்பத்திரி, லைட்டை இப்படி மங்கலா வச்சிருந்தா மனுசன் எதைப் பாக்குறது, எங்கிட்டு உக்காருறது?

எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. அதை மொதல்ல சொல்லிப்புடுறேன். சும்மா செக்கப்பு. வீட்டுக்காரி இழுத்துட்டு வந்துட்டா. கீழ கவுண்டர்ல சீட்டுக் குடுக்கப் போயிருக்கா, சோலையம்மான்னு பேரு, பச்சைச் சேலை. காலையில எழுத்துப் பலகையைக் காட்டுனாய்ங்கள்ல, கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன். அந்த நர்சுப் பொண்ணே அசந்துபோச்சு. "நேர் பார்வை நல்லா இருக்குங்கய்யா"ன்னுச்சு. இருக்குமா இருக்காதா? இருபத்தாறு வருசமா ஸ்டியரிங் பிடிக்கிற கண்ணு. அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்டு, அந்த இருட்டு ரூமுக்குள்ள? அதான் எனக்குப் புரியல.

என்ன கேட்டீங்க? டிம்மரா? ஆமா, சிரிக்காதீங்க. டாக்டர்ட்ட காட்டத்தான் கொண்டாந்தேன். எல்லாத்துக்கும் காரணம் இந்தச் சனியன்தான். குமிழைத் திருகுனா லைட்டு கூடும், குறையும், ரேடியோவுல சத்தம் வைக்கிற மாதிரி. அதை மாட்டுன நாள்லேருந்து எனக்கு நிம்மதி போச்சு. அதுக்கு முன்னாடி நான் நல்லா இருந்தேன். எழுதிக்கூடத் தாரேன்.

கேளுங்க. எங்களுக்கு நத்தத்துக்குப் பக்கம். ஸ்கூல் வேன் ஓட்டுறேன். வண்டி என்னுது. பதினாறு பிள்ளைக, எல்.கே.ஜி.யில இருந்து அஞ்சாவது வரைக்கும். இந்த இருபத்தாறு வருசத்துல ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனது கிடையாது. வீரணன் வேனுன்னா தாய்மாருங்க கண்ணை மூடிட்டு ஏத்திவிடுவாங்க. அந்தப் பேரு சும்மா வந்துச்சுங்கிறீங்களா?

ஒரே மக, இளவரசி. பெங்களூர்ல வேலை. அதுக்கு மாப்பிள்ளை பாக்கப்போறோம்னு வீட்டைப் புதுசாக் கட்டுனோம், ஆவணியில பால் காய்ச்சுனோம். ஹால் லைட்டெல்லாம் மகளோட ஏற்பாடு. மேல பலகை கட்டி அதுக்குள்ள சின்னச் சின்ன எல்.இ.டி. லைட்டு, ஓரத்துல ஒளிச்சுவச்ச பட்டை லைட்டு, நடுவுல தொங்குற கூண்டுல பழைய காலத்துக் குண்டு பல்பு நாலு. "அப்பா, சாப்பிடுறப்ப ஒரு வெளிச்சம், டிவி பாக்குறப்ப ஒரு வெளிச்சம், ஆளு வந்தா ஒரு வெளிச்சம், அதுக்குத்தான் டிம்மர்"னுச்சு. "வெளிச்சம்னா வெளிச்சம்தானே தாயி, அதுல என்ன காப்படி அரைப்படி"ன்னேன். கேக்குமா? படிச்ச பிள்ளை.

பால் காய்ச்சுன அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலப் பந்தி, ஹால்லதான் போட்டோம். எனக்குப் போட்ட இலையில உப்பு இல்ல, ஊறுகாய் இல்ல, கேசரி இல்ல. வீட்டுக்காரன் இலையிலயே இல்லன்னா ஊர்க்காரன் இலையில என்னத்த வச்சிருப்பாய்ங்க? பந்தியிலேயே கத்திப்புட்டேன். என் மச்சினன் வாளியோட ஓடியாந்து, "மச்சான், எல்லாம் இருக்குல்ல, இந்தா இலையில இடது பக்கம்"ங்கிறான். தலையைத் திருப்பிக் குனிஞ்சு பாக்குறேன், இருக்கு. உப்பும் இருக்கு, ஊறுகாயும் இருக்கு, கேசரி மேல முந்திரிப்பருப்பு என்னைப் பாத்து இளிக்குது. சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். "இந்த டிம்மரைக் குறைச்சு வச்சுப் பந்தி போட்டா சோத்துல எறும்பு கெடந்தாக்கூடத் தெரியாதுடா"ன்னேன். யாரோ, "முழுசாத்தான் வச்சிருக்கு"ன்னாங்க. நான் காதுல வாங்கல.

ஆனா ஒண்ணுண்ணே, மொத டிம்மர்ல கோளாறு நெசமாவே இருந்துச்சு. அதைக் கண்டுபிடிச்சது நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. குமிழைக் குறைச்சா அந்தச் சின்ன லைட்டெல்லாம் கண்ணைச் சிமிட்டுது. சுவத்துக்குள்ளேருந்து வண்டு மாதிரி 'ங்ங்ங்'ன்னு ஒரு சத்தம். எலக்ட்ரீசியன் ஜபருல்லாவைக் கூப்பிட்டேன். அவங்க அத்தா காலத்துல இருந்து பழக்கம், என்னை மாமான்னுதான் கூப்பிடுவான். வாரேன் வாரேன்னு ரெண்டு நாள் ஆக்கிட்டான். நான் சும்மா இருப்பனா? பழைய வீட்டுல கழட்டிப்போட்ட பேன் ரெகுலேட்டர் ஒண்ணு கெடந்துச்சு. அதுவும் கூட்டிக் குறைக்கிறதுதானேன்னு மெயினை அமத்திட்டு அதை மாட்டிட்டேன். ஒண்ணுல வச்சா எரியல, ரெண்டுல வச்சா மின்னல் வெட்டுது, மூணுல வச்சா சோலையம்மா, "வீட்டைக் கொளுத்தப் போறீங்களா"ன்னு வெளக்கமாத்தைத் தூக்கிட்டு வந்துட்டா.

ஜபருல்லா வந்து தலையில அடிச்சுக்கிட்டான். "மாமா, இது பேனுக்கு. பேனோடது பேனுக்கு மட்டும்தான், லைட்டுக்கு மாட்டக்கூடாது." அப்புறம் என் டிம்மரைக் கழட்டிப் பாத்துட்டு ஒத்துக்கிட்டான். "நீங்க சொன்னது சரிதான் மாமா. இது குண்டு பல்புக்குன்னு வந்த டிம்மரு. அந்தத் தொங்குற கூண்டு இதுக்கு நல்லாக் கேக்கும். எல்.இ.டி. தின்னுறது ரொம்பக் கம்மி, இந்த டிம்மருக்கு அந்த லோடு பத்தாது, அதான் சிமிட்டுது, இரையுது. எல்.இ.டி.க்குன்னு தனி டிம்மர் இருக்கு. பல்பும், குறைக்கலாம்னு டப்பாவுல போட்டிருக்கிற பல்பா இருக்கணும். எத்தனை லைட்டு, மொத்தம் எத்தனை வாட்ஸுன்னு கூட்டிப் பாத்துத்தான் வாங்கணும். ஓரத்துப் பட்டை லைட்டு வேற கதை, அதுக்குப் பின்னாடி கரண்டை மாத்திக் குடுக்குற டிரைவர் பெட்டி இருக்குல்ல, அதுக்குப் பொருத்தமானதை அது கூடவே வைக்கணும். அடுப்படி டியூப் லைட்டுக்கு ஒண்ணுமே வேணாம், வெறும் சுவிட்ச்சு போதும்." இதையெல்லாம் மாட்டுறதுக்கு முன்னாடில்ல சொல்லணும்? மாட்டிட்டு வந்து பல்பு மேல பழி போடுறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அப்படியே அவன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன்.

திண்டுக்கல் போயி புதுசு வாங்கிட்டு வந்தான். இந்தா பாருங்க, இந்த வெள்ளை. அது ரெண்டாவது. பல்பையும் மாத்துனான். சிமிட்டல் நின்னுருச்சு, வண்டுச் சத்தமும் நின்னுருச்சு. எல்லாரும், "ஆகா, என்னா வெளிச்சம்"னு சொன்னாங்க. எனக்கு மட்டும் சரியாப் படல. நான் உக்காருற சோபாவுல இருந்து பாத்தா ஹால்ல இடது பக்க மூலை இருண்டு கெடக்கு. அதை எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல. இருட்டுன்னா கன்னங்கரேல்னு இல்ல. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி. கழுத்தைத் திருப்பி நேரா பாத்தேன்னா மூலை பளிச்சுன்னு இருக்கும், டிவி பக்கம் திரும்புனா அணைஞ்சுக்கிரும். நான் பாக்குறப்ப எரியுது, பாக்காதப்ப அணையுது. என்னா வெளையாட்டு இது?

அதோட லைட்டைச் சுத்தி வட்டம். குண்டு பல்பைச் சுத்தி மழைக்காலத்துல நிலாவுக்குக் கோட்டை கட்டுமே, அந்த மாதிரி. "உனக்குத் தெரியுதா"ன்னு சோலையம்மாகிட்ட கேட்டேன். மேல பாத்தா, அப்புறம் என்னையே பாத்தா.

அப்புறம் ஆளுக முளைக்க ஆரம்பிச்சாங்கண்ணே. ஆமா, முளைக்கிறதுதான். நான் தனியா உக்காந்திருப்பேன், திடீர்னு இடது பக்கமிருந்து, "காப்பி ஆறுது"ன்னு குரல் வரும். தூக்கிவாரிப் போட்டுரும். திரும்பிப் பாத்தா சோலையம்மா பக்கத்துலயே டம்ளரோட நிப்பா. "எப்படி வந்த, செருப்புச் சத்தம்கூட இல்லாம"ன்னா, "நான் எம்புட்டு நேரமா நிக்கிறேன்"ங்கிறா. ஒருநாள் பூனை. ஒருநாள் என் தங்கச்சி வீட்டுக்காரர். அந்த மனுசன் பத்து நிமிசமா அந்த மூலை நாற்காலியில உக்காந்திருந்தாராம். நான் 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கலையாம். கோவிச்சுட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

பயமா? எனக்கா? சேச்சே. புது வீடுல்ல, ஏதாச்சும் கண்ணேறு கழியாம இருக்கும்னு பூசணிக்காய் ஒடைச்சோம், சாம்பிராணி போட்டோம். சாம்பிராணி போட்டதுல மூலை இன்னும் மங்கிப்போச்சு. மூணாவது டிம்மர் வாங்கிட்டு வரச் சொன்னேன். இந்தப் பெருசு. ஜபருல்லா, "மாமா, பெருசு மாட்டுனா வெளிச்சம் கூடாது, இருக்கிற லைட்டுதான் எரியும்"ன்னான். "நீ மாட்டுறா"ன்னேன். மாட்டுனான். மூலை அப்படியேதான் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல சோலையம்மாவுக்கும் என்னமோ ஆயிருச்சு. முப்பது வருசமா இலை போடுறவ, தட்டு வைக்கிறவ. உப்பும் ஊறுகாயும் இடது பக்கம், சோறு நடுவுல, அது எந்த வீட்டுல மாறும்? இப்ப கூட்டு, பொரியல், ஊறுகாய், தண்ணிச் சொம்பு எல்லாத்தையும் வலது பக்கமே குமிச்சு வைக்கிறா. "எழவு வீட்டுலகூட இப்படி வைக்க மாட்டாங்கடி"ன்னு ஏசிட்டேன். ஹால்ல இடது பக்கம் கெடந்த முக்காலியை எடுத்து எங்கயோ மறைச்சுட்டா. நடந்து போறப்ப எனக்கு இடது பக்கமா வந்து கூட நடக்குறா, என்னமோ கல்யாணப் பொண்ணு மாதிரி. வயசான காலத்துல புத்தி பெரண்டுருச்சு போலன்னு நெனச்சேன். பாவம்.

இப்பத்தான் முக்கியமான கட்டம், கேளுங்க. போன ஞாயித்துக்கு முந்துன ஞாயித்துக்கிழமை ஜபருல்லா வந்தான். இவ வரச் சொல்லிருக்கா. என்கிட்ட, "நாலாவது டிம்மர் மாட்டப்போறேன் மாமா, நல்ல கம்பெனி"ன்னான். மெயினை அமத்துனான், ஏணியில ஏறுனான், எறங்குனான், சுவத்துல என்னமோ பண்ணுனான். மெயினைப் போட்டான். "நீங்களே திருகிப் பாருங்க மாமா, நான் கை வைக்கல"ன்னான்.

திருகுனேன். பைய பையத் திருகுனேன். "ஏறுது, ஏறுதுடா"ன்னேன். நெசமாவே ஏறுச்சுண்ணே, என் கண்ணு முன்னாடி ஏறுச்சு. "நடுவுல ஏறுது, வலது பக்கம் நல்லா ஏறுது, இடது பக்கம் மட்டும் ஏற மாட்டேங்குது, இதுவும் ஒதவாக்கரைதான்டா"ன்னேன். திரும்பிப் பாத்தா சோலையம்மா முந்தானையை வாயில வச்சுட்டு நிக்கிறா. ஜபருல்லா தரையைப் பாக்குறான்.

"மாமா, அதுல வயரே குடுக்கலை மாமா"ன்னான். "நேரா சுவிட்ச்சுல குடுத்துட்டேன். லைட்டு அப்பவே முழுசா எரியுது. அது வெறும் குமிழு."

நான் நம்பல. திருப்பித் திருகுனேன், முழுசாக் கீழ இறக்குனேன். ஒரு லைட்டும் குறையல. மேல ஏத்துனேன். ஒரு லைட்டும் கூடல. பாத்தீங்களா, என்னா பித்தலாட்டம்! வயர் குடுக்காம வெறும் குமிழை வச்சு ஒரு மனுசனை ஏமாத்துறாய்ங்க, அதுவும் பொண்டாட்டியும் எலக்ட்ரீசியனும் கூட்டுச் சேந்து. கை நடுங்குச்சு எனக்கு. கோவத்துலதான். "வீட்டை விட்டு வெளிய போடா"ன்னேன். அவங்க அத்தா செத்தப்ப ஆளோட ஆளா மையவாடி வரைக்கும் கூடப் போனவன் நான். அவனைப் போயி வெளிய போன்னேன். அவன் வாசல்ல நின்னு, "மாமா, வையிங்க, அடிங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா டாக்டர்ட்ட காட்டுங்க. வேன்ல என் தங்கச்சி மகளும் வருது மாமா"ன்னான்.

அதுக்கு நான் என்ன சொன்னேன்னா... இருங்க, ஏதோ பேரு கூப்பிடுறாங்க. வேலுமணியா? நான் இல்ல. நான் வீரணன்.

தண்ணி குடிச்சுக்கிறேன். எங்க விட்டேன்? ஆங், அவன் போயிட்டான். நானும் விட்டுட்டேன். ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? லைசென்சு புதுப்பிக்கிறப்ப போன வருசம் சர்டிபிகேட்டுக் குடுத்தாங்களே, எழுத்தெல்லாம் படிச்சேனே. நீங்களே சொல்லுங்க, தூரத்துல வர்ற பஸ்ஸு போர்டை நான் படிக்கிறேன். மைல் கல்லுல நம்பரைப் படிக்கிறேன். குருடனா படிக்கிறான்?

உள்ள இருக்கிற அந்த மெஷினைப் பாத்தீங்களா? உங்களுக்கும் அந்த டெஸ்ட்டுதானா? பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி, அதுக்குள்ள மூஞ்சியைக் குடுத்து நடுவுல ஒரு புள்ளியை மட்டும் பாக்கணும். அங்கங்க பொட்டு வெளிச்சம் வரும், தெரிஞ்சா கையில இருக்கிற பட்டனை அமுக்கணும். சில பொட்டு பளிச்சுன்னு, சில பொட்டு மங்கலா. அதுலயும் எவனோ டிம்மர் மாட்டிருக்கான். காலையில ஒரு தடவை உக்காந்தேன். அதுல ஒரு சூச்சுமம் கண்டுபிடிச்சேன். பொட்டு வரும்போது மெஷினு லேசா 'டிக்'குங்கும். காதைத் தீட்டி வச்சுக்கிட்டு 'டிக்'குன்னா அமுக்குனேன். டிரைவர் காதுல்ல! கொஞ்ச நேரத்துல அந்தப் பையன், "ஐயா, வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க, வெளிச்சமே வராதப்பவும் அமுக்குறீங்க, டெஸ்ட்டு செல்லாது, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி உக்காருங்க"ன்னுட்டான். சத்தத்தை மட்டும் விட்டுட்டு வெளிச்சத்தைக் காட்டாம மெஷினே ஏமாத்துது பாத்தீங்களா, ஜபருல்லா மாதிரியே.

அதான் இங்க உக்காந்திருக்கேன். ரெண்டாவது தடவை கூப்பிடுவாங்க.

ஏண்ணே, அது என்ன சரசரன்னு? பேப்பரா? பேப்பரா படிச்சுக்கிட்டு இருக்கீங்க? இந்த வெளிச்சத்துலயா?

...நல்லாத் தெரியுதா உங்களுக்கு.

இந்த ஹால்ல எத்தனை லைட்டு எரியுதுன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்களேன். தப்பா நெனைக்காதீங்க. பன்னெண்டா? பன்னெண்டும் எரியுதா? ஒண்ணுகூட அணைஞ்சு இல்லையா? எனக்கு இடது பக்கமும்?

சரி.

பயமா இருக்குண்ணே. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பப் பயமா இருக்கு. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்பாங்க. எனக்கு மடியில கனம் இருக்கு. இது சோலையம்மாவுக்குத் தெரியாது. நீங்க யாரோ, நான் யாரோ. அதனால சொல்லுறேன்.

முந்தாநாள், வியாழக்கிழமை. காலையில ஏழே முக்கால் இருக்கும். மிதுலான்னு ஒரு பிள்ளை, யு.கே.ஜி., ரெட்டைச் சடை. எப்ப ஏறுனாலும் எனக்கு ஒரு வணக்கம் வச்சுட்டுத்தான் ஏறும். அது வீட்டு வாசல்ல நிறுத்துனேன். வேன்ல பிள்ளைகளைப் பாத்துக்கிற ஆயா, செண்பகம், எறங்கி அது தங்கச்சியைத் தூக்கப் போச்சு. கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு. நான் இடது பக்கம் கண்ணாடியைப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. முன்னாடி பாத்தேன், ஒண்ணும் இல்ல. கியரைப் போட்டு எடுத்தேன். ஒரு அடி, ரெண்டு அடி உருண்டிருக்கும். 'படார் படார்'னு வண்டியை அடிக்கிறா செண்பகம். "நிறுத்துண்ணே! நிறுத்து! பிள்ளை!"

மிதிச்சேன்.

கதவு சாத்துனது பக்கத்து வீட்டுக் கதவுண்ணே. பிள்ளை ஏறவே இல்ல. தண்ணி பாட்டில் உருண்டு வண்டிக்கு முன்னாடி, இடது பக்க டயருகிட்டப் போயிருச்சுன்னு குனிஞ்சு எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் எறங்கி ஓடிப் போயி பாக்குறேன், டயருக்கும் அந்தப் பிள்ளை சடைக்கும் ஒரு சாண்கூட இல்ல. அதுக்கு ஒண்ணும் தெரியல. பாட்டிலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு என்னைப் பாத்து, "வணக்கம் டிரைவர் மாமா"ங்குது. அப்படியே ரோட்டுல உக்காந்துட்டேன்.

செண்பகம் எனக்கு மயக்கம்னு நெனச்சுக்கிச்சு. சர்க்கரை கொறைஞ்சிருக்கும்னு மிட்டாய் குடுத்துச்சு. நானும் ஆமான்னு வாங்கித் தின்னேன். அன்னைக்கு மீதிப் பிள்ளைகளை மாட்டு வண்டி வேகத்துல கொண்டு போயி விட்டேன். மறுநாள் காய்ச்சல்னு சொல்லிட்டேன். சோலையம்மாகிட்ட நானேதான், "ஆஸ்பத்திரிக்குப் போவோமா"ன்னு கேட்டேன். அவ இழுத்துட்டு வந்தான்னு சொன்னேன்ல, அது பொய்.

இல்லண்ணே, அதில்ல கனம். தப்பு எல்லாருக்கும் நடக்கும், யானைக்கும் அடி சறுக்கும்னு விட்டுறலாம். ஜபருல்லா குமிழைக் காட்டுனது ஞாயித்துக்கிழமை. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கோவத்துல கை நடுங்குச்சுன்னேனே, கோவம் இல்ல. லைட்டு ஏறாம இருக்கிறப்ப ஏறுது ஏறுதுன்னு சொன்ன வாயி என் வாயி. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு, மறுநாள் திங்கக்கிழமை காலையில போயி ஸ்டியரிங்ல உக்காந்தேன். அந்த வாரத்து வியாழன் வரைக்கும் இல்லண்ணே, அடுத்த வியாழன் வரைக்கும். பதினாறு பிள்ளைகளை ஏத்திக்கிட்டு ஒம்போது நாள் ஓட்டுனேன். அதுல ஜபருல்லாவோட தங்கச்சி மகளும் இருக்கு. தெனமும் அது ஏறுறப்ப அதைப் பாக்காம திரும்பிக்கிருவேன்.

காலையில டாக்டரம்மா கண்ணுக்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுச்சு, கண்ணுல பிரஷராம், நரம்பு ஓரத்துல இருந்து பட்டுக்கிட்டே வருதாம். "போனது போனதுதாங்கய்யா. சொட்டு மருந்து விட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம். எம்புட்டுப் போயிருக்குன்னு அந்த டெஸ்ட்டுதான் சொல்லும்"னுச்சு. "வண்டி ஓட்டலாமா"ன்னு நான் கேக்கல. என்ன வேலை பாக்குறீங்கன்னு அது கேட்டுச்சு. வெவசாயம்னு சொல்லிட்டேன். எனக்கு ஒரு கொத்து மண்ணு கெடையாது. வண்டியை விட்டா எனக்கு வேற என்னண்ணே தெரியும்? ஊருக்குள்ள வேன் வீரணன்னாத்தான் தெரியும். வெறும் வீரணன்னா எவனுக்குத் தெரியும்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தை மாசம் வாராங்க. "பொண்ணோட அப்பா என்ன பண்ணுறாரு"ன்னு கேப்பாங்கள்ல?

இனி உள்ள போயி 'டிக்'குக்கு 'டிக்'கு கணக்கா அமுக்குனா, கொஞ்சம் பதமா அமுக்குனா, தப்பிச்சுருவேன். காலையில அவசரப்பட்டுட்டேன். இப்ப அந்தத் தாளம் எனக்குப் புடிபட்டுருச்சு. இம்புட்டு நேரம் உங்ககிட்டப் பேசிக்கிட்டே உள்ளுக்குள்ள அதைத்தான் நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை ஏழே முக்காலுக்கு அந்தப் பிள்ளை வாசல்ல நிக்கும்ணே. பாட்டிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கும்.

கூப்பிடுறாங்களா? என்ன பேரு? வீரணனா.

வந்துட்டேன், வந்துட்டேன் தம்பி, ஒரு நிமிசம்.

அண்ணே, ஒரு ஒத்தாசை. இது வேன் சாவி. சோலையம்மா மேல வந்தா அவ கையில குடுத்துருங்க. நான் கேட்டாலும் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. நான் திட்டுவேன், பாத்துக்கங்க, கண்டபடி திட்டுவேன். அதுக்காகக் குடுத்துறக் கூடாது. இது என் சட்டைப் பையில இருந்தா உள்ள போயி என் வெரலு பொய் சொல்லிரும். ஜபருல்லாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிக்கிறேன். அந்த டிம்மருப் பையும் இங்கயே கெடக்கட்டும். டாக்டர்ட்ட காட்ட வேண்டியது இல்ல.

கையை நீட்டுங்கண்ணே, சாவியைத் தாரேன்.

எங்க? இடது பக்கம்தானே இருக்கீங்க, கொஞ்சம் நீட்டுங்க.

நீட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?

சரிண்ணே. நீங்களே எடுத்துக்கங்க.